அண்ணி காதில் வைத்துப் பார்த்த ஏரியல்

என் சாவிக்கொத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு ஏரியல் தொங்குகிறது. ரப்பர் உறைக்குள் சுருள் கம்பி, அவ்வளவுதான். இது எதற்கு என்று யாராவது கேட்டால் விடமாட்டேன். என் அண்ணி கதையை முழுதாகச் சொல்லித்தான் அனுப்புவேன்.

எண்பதுகளின் நடுவில், ஈப்போ ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் அண்ணி ஏரியலுக்குக் கம்பி சுற்றினார். நான் சோதனை மேசையில் இருந்தேன். அண்ணி பீடோர்ப் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் பால்மரம் சீவியவர், அண்ணனைக் கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தார். கையில் பிடித்துப் பேசும் போன் அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. ஏரியல் மாட்டிய போனை மரக்கட்டையில் நிறுத்தி, தள்ளி நின்று மீட்டரில் அலையின் பலம் பார்ப்பேன். முள் ஏறினால் முத்திரை குத்துவேன். கை பட்டால் முள் இறங்கும் என்பதால் யாரையும் தொடவிட மாட்டேன்.

ஒருமுறை அனுப்பிய சரக்கு அப்படியே திரும்பி வந்தது. பேசும்போது குரல் அறுந்து போகிறதாம். கம்பி சுற்றும் பெண்களின் கைதான் சரியில்லை என்றார் சீன இன்ஜினியர். அடுத்த சரக்கும் திரும்பினால் கம்பி சுற்றும் அந்த வரிசையையே மூடிவிடுவதாகப் பேச்சு. அண்ணிக்கு வேலை போவதைவிடக் கையைக் குறை சொன்னதுதான் பொறுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நேராக என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, போன எவன்லா கட்டையில நிறுத்தி வச்சுப் பேசுறான்?"

"தொடாதீங்க அண்ணி, முள்ளு எறங்கிடும்."

"எறங்கட்டும். அதத்தான் பாக்கணும்."

போனைக் காதில் வைத்தார். முள் சரிந்தது. எத்தனை நாள் என் கண்முன்னே சரிந்த முள்! அண்ணி உறையைக் கழற்றி, போனைக் காதில் வைத்தபடியே கம்பி நுனியை வெட்டச் சொன்னார். "மெதுவா சீவு, மரத்துக்கு நோகாம சீவுற மாதிரி." துளித்துளியாக வெட்ட, முள் ஏறி நின்றது. அதையே கட்டையில் வைத்தால் இறங்கியது. கையும் தலையும் பட்டால் கம்பி நீண்டதுபோல் ஆகிவிடுகிறது; நான் கட்டைக்குத்தான் அளவு பார்த்திருக்கிறேன்.

இன்ஜினியர் வந்து, கட்டையில் முள் இறங்கியிருப்பதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பாஸ், பெகாங் லா," பிடித்துப் பாருங்கள் என்று அண்ணி மலாயில் சொல்லி, போனை அவர் கையில் திணித்தார். அவர் பிடித்தார், காதில் வைத்தார், கட்டையில் வைத்தார், மறுபடி பிடித்தார். பிறகு கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். கம்பியின் அளவு மாறியது, வரிசை பிழைத்தது. "கட்டைகிட்ட கேட்டியா மச்சான்?" என்று பெண்கள் என்னை வருஷக்கணக்கில் ஓட்டினார்கள்.

போன மாதம் ஈப்போவில் அண்ணிக்குப் புதுப் போன் வாங்கினோம். ஏரியல் உள்ளேயே இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். அண்ணி அதைக் காதில் வைத்து, விரல்களை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார்.

"இத கையில புடிச்சுத்தானே டெஸ்ட் பண்ணாங்க?"

"ஏன் ஆன்ட்டி அப்படிக் கேக்குறீங்க?" என்றார் கடைக்காரர்.

அன்று அண்ணி வெட்டவைத்த ஏரியல் தொங்கும் சாவிக்கொத்தை நான் எடுத்து மேசைமேல் வைத்தேன்.