சோற்றில் தேடிய கல்

கல்முனையில் ஒரு தச்சுப் பட்டறையில் மேசை, கதிரை, அலுமாரிகளுக்குப் பொலிஷ் அடிக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. முதலாளியும் அங்கே மரவேலை செய்கிற இரண்டு ஓடாவிமாரும் முஸ்லிம்கள். நான் ஒருவன்தான் வேதக்காரன். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களுக்கு அதுதான் பெயர். வேதத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன் நான். அந்தப் பெயரைக் கேட்டாலே கூச்சமாக இருக்கும்.

மனைவி இருந்தவரை வீட்டில் ஜெபம் அவளுடைய வேலை. சாப்பாட்டுக்கு முன் அவள் சத்தமாகச் சொல்வாள், நான் ஆமென் சொல்வேன். அவள் இறந்துபோனபிறகு விநாயகபுரத்து வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே ஒரு அறைக்கு வந்தேன். பட்டறைக்கு லீவு வெள்ளிக்கிழமை. அன்று வேதக்கோயில் பூட்டிக்கிடக்கும். ஞாயிறு காலைப் பூசையில் கடைசி வாங்குப் பலகையில் இருந்து, நன்மை அப்பம் வாங்கியதும் வேலைக்கு ஓடிவிடுவேன். அங்கே என்னைத் தெரிந்தவர்கள் குறைவு.

பகல் சாப்பாடு முதலாளி வீட்டிலிருந்து வரும். பாங்கு சொன்னதும் மூவரும் பள்ளிக்குத் தொழப் போவார்கள். நான் மரங்களோடு தனியே இருப்பேன். திரும்பி வந்து வட்டமாக இருந்து, பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைப்பார்கள். நான் கொஞ்சம் தள்ளி, பலகை அடுக்கின் ஓரத்தில் இருப்பேன். நெற்றியில் சிலுவை போட எனக்கு வெட்கம். வெட்கம் மட்டுமல்ல, பயமும்தான். அவர்கள் வீட்டுச் சோற்றுக்கு முன்னால் சிலுவை போட்டால் மனம் கோணுவார்களோ என்று நினைத்தேன். அதனால் தலையைக் குனிந்து, விரல் நுனியால் சோற்றிலேயே சின்னதாக ஒரு சிலுவை கீறிவிட்டுச் சாப்பிடுவேன். வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

போன மாதம் முதலாளி வீட்டு அலுமாரிக்குப் பொலிஷ் அடிக்கப் போனேன். பின்பக்கத்தில் முதலாளியின் மனைவி, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிறவர், மூக்குக்கண்ணாடியோடு சுளகில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். நற்பிட்டிமுனையில் அவர்களுடைய வயலில் விளைந்த நெல், பக்கத்து மில்லில் குற்றியது.

"அண்ணன், இப்பயும் சோத்துல கல் இரிக்கா?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. "இல்லையே ராத்தா" என்றேன்.

"அப்ப ஏன் தினமும் விரலால கிண்டிக் கிண்டித் தேடுறீங்களாம்? உங்கட முதலாளி வந்து சொன்ன நாளிலிரிந்து ரெண்டு தரம் பொறுக்குறன். கண்ணும் போகுது. எங்கட வீட்டுச் சோறு உங்களுக்கு அருவருப்பா அண்ணன்?"

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அது ஒரு பழக்கம் ராத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு அலுமாரிப் பக்கம் போய்விட்டேன். அவர் சுளகைப் புடைத்தார். அந்தச் சத்தம் பின்னேரம் வரை காதில் இருந்தது. சோறு தந்த ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன் என்று நினைத்து, சோறு சமைத்தவரை இவ்வளவு நாளும் நோகடித்திருக்கிறேன்.

மறுநாள் பகல் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு விழுந்தது. என் விரல் தானாகவே போனது. மூத்த ஓடாவி முதலாளியை இடித்துக் காட்டினார்.

"பாருங்க, கல் இன்ஸ்பெக்டர் டியூட்டிக்கு வந்திட்டாரு."

கையை எடுத்தேன்.

"நான் கல் தேடல்ல. சிலுவை போடுறன்."

"எங்க?" என்றார் முதலாளி.

"சோத்துல. நெத்தியில போட வெக்கம். நீங்க என்ன நெனப்பீங்களோ எண்டு…"

எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். பலகை அடுக்கு வழியை மறித்துக்கொண்டு நின்றது.

"அட மனிசா!" என்றார் மூத்த ஓடாவி. "நாங்க பிஸ்மி சொன்னா சந்தி வரைக்கும் கேக்கும். நீங்க சோத்துக்குள்ள ஒளிச்சி வெச்சித் தின்டிரிக்கீங்க!"

இளைய ஓடாவிக்குப் புரையேறியது. முதலாளி சிரிக்கவில்லை. சோற்றுக் கையோடே இடக்கையால் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"கேட்டீங்களா? அந்த மனிசன் கல் தேடல்லயாம். ஓதியிரிக்காரு."

போனுக்குள்ளிருந்து வந்த குரல் எனக்கும் கேட்டது. "அப்ப எண்ட கண்ணுக்கு யாரு பதில்? அவரச் சத்தமா ஓதச் சொல்லுங்க!"

போனை வைத்துவிட்டு முதலாளி என்னைப் பார்த்தார். ஓடாவிமாரும் கையைச் சோற்றில் வைக்காமல் இருந்தார்கள். எனக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனேன். மனைவி சொல்கிற ஜெபம் முழுக்க மறந்துபோனது. "ஆண்டவரே, இந்தச் சோத்துக்கு நன்றி" என்று மட்டும் சொன்னேன்.

"முடிஞ்சிட்டா?" என்றார் மூத்தவர்.

"ஓம்."

"இதுக்கா இவ்வளவு பாடு!"

எல்லோரும் சாப்பிட்டோம்.

அன்று பின்னேரம் அறையில் பாண் ரொட்டியும் பருப்பும் வைத்துக்கொண்டு அதையே சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். என் குரல் சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. சொல்லி முடித்ததும் பழக்கத்தில் வாயைத் திறந்தேன், ஆமென் சொல்ல. அவள் சொல்ல, நான் முடிப்பது. இப்போது இரண்டும் நான்தான். பாணைப் பிய்க்கக் கொஞ்சம் நேரமானது.

பிறகு நாலைந்து நாள் கழித்து, பட்டறையில் மூன்றாவது வாய்ச் சோற்றில் ஒரு கல் கடிபட்டது. கடைவாய்ப் பல்லில் நன்றாகவே பட்டது. ராத்தா அரிசியை இப்போது ஒரு தரம்தான் பொறுக்குகிறார் என்று விளங்கியது. சத்தம் கேட்டு மூத்த ஓடாவி என் பக்கம் திரும்பினார். நான் கல்லை நாக்கால் கன்னத்துப் பக்கம் தள்ளி வைத்துக்கொண்டு, மிச்சச் சோற்றைச் சாப்பிட்டேன்.