கொசுப்பாட்டுக்காரி

தையல் மெஷின் மோட்டாரை ஓடவிட்டு, அதன் முனகலோடு தானும் முனகித்தான் தஸ்லீமா குரலைச் சரிபார்ப்பாள். ஊசியில் நூல் இருக்காது, அடியில் துணி இருக்காது. திண்டிவனத்தில் அவளிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் பெண்களுக்கு இது பழகிப்போயிற்று. "இன்னா தஸ்லீமா, சும்மா ஓட்டிக்கினு கீற?" என்றால், "சும்மா இல்லக்கா, சுருதி புடிக்கிறேன்" என்பாள்.

வயது நாற்பத்திரண்டு. கனத்த குரல். பள்ளியில் ஆம்பளைக் குரல் என்று கேலி செய்தார்கள். அந்தக் குரல்தான் இன்று பன்னிரண்டு பேர் பாடும் சேர்ந்திசைக் குழுவுக்கு அஸ்திவாரம். ஐந்து பேர் திருநங்கைகள், மற்றவர்கள் பெண்ணை நேசிக்கும் பெண்கள். வாக்காளர் சேர்ப்பா, டெங்குவா, பிளாஸ்டிக் ஒழிப்பா, விழுப்புரம் வரைக்கும் அதிகாரிகள் இவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். மேடையில் பொன்னாடை உண்டு. இறங்கி வந்து வாடகைக்கு வீடு கேட்டால் கிடையாது. நல்ல ஊர், நல்ல மரியாதை!

அதனால்தான் குழுவை நடத்தும் அம்சா ஒரு சட்டம் போட்டிருந்தாள். "யாரு யாரோட இருக்கறான்னு எவன் கேட்டாலும் வாயத் தொறக்காதீங்கடி. பாட்டுக்குழுன்னு சொல்லிக்கினு போய்க்கினே இருங்க." வீட்டுக்காரரிடம் அதே பதில், அக்கம்பக்கத்தில் அதே பதில். தஸ்லீமாவும் குழுவில் கூடப் பாடும் கலைப்பிரியாவும் பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியது அந்தச் சொல்லின் மறைவில்தான்.

இந்த ஆவணியில் கலைப்பிரியாவின் அண்ணன் கோகுலகிருஷ்ணன் வந்தான். அம்மாவுக்கு முடியவில்லை என்று அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். அன்று சாயங்காலமே அவள் போன் அணைந்துவிட்டது. எட்டாம் நாள் தஸ்லீமா காவல் நிலையத்துக்குப் போனாள். மனுவில் 'என்ன உறவு' என்ற இடத்தில், பழகிய கை தானாக எழுதியது: ஒரே பாட்டுக்குழு.

வாங்கிப் படித்தவர் நிமிர்ந்து பார்த்தார். "கூடப் பாடறவங்கல்லாம் மனு குடுத்தா எப்பிடிம்மா? அவுங்க அம்மா வூட்டுக்குத்தான போயிருக்காங்க? சொந்தக்காரங்க யாராச்சும் வரட்டும்."

நான்தான் சொந்தம் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். மனுவில் எழுதிய அந்த ஒரு வரியை நினைத்து நினைத்து அவள் தன்னைத் திட்டிக்கொள்ளாத நாள் இல்லை.

ஐப்பசி மழை பிடித்ததும் பெருமுக்கல்லில் டெங்குப் பிரசாரத்துக்கு அழைப்பு வந்தது. அது கலைப்பிரியாவின் ஊர். "பேஜாராயிடும்டி" என்று அம்சா தயங்கினாள்.

"அவ உள்ள இருந்தா என் குரல் காதுல உழும்ல? அது போதும்க்கா."

கோகுலகிருஷ்ணன் வீட்டு வாசலில் தஸ்லீமா அடிவயிற்றிலிருந்து பாடினாள். தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்லும் கொசுப்பாட்டு அது. அதை அன்று அவள் பாடியதைக் கேட்டு அம்சா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஜன்னல் திறக்கவில்லை. கோகுலகிருஷ்ணன் கைகட்டி நின்று கேட்டான்.

தொட்டியைப் பார்த்துவிட்டு வந்த சுகாதாரப் பணியாளர் வேங்கடேசன், சுவரில் தேதி போட்டுவிட்டுக் கேட்டார்: "வூட்ல எத்தினி பேரு?"

"மூணு."

"தங்கச்சி ஒண்ணு வந்திருந்துச்சே?"

"கட்டிக்குடுத்தாச்சிங்க. போன வாரம்." அவன் வேங்கடேசனைப் பார்க்கவில்லை, தஸ்லீமாவைப் பார்த்துச் சொன்னான்.

அடுத்த வீட்டு வாசலிலும் பாட வேண்டியிருந்தது. தஸ்லீமா பாடினாள். எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள், அவள் சம்மதித்தாளா, ஒன்றும் தெரியாது. கேட்க எந்த உரிமையும் அவளிடம் எழுத்தில் இல்லை.

மறுநாள் காலை அவளுடைய தெருவுக்கும் கொசு மருந்தோடு ஆள் வந்தார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். ஒற்றைப் பாயும் ஒற்றைத் தட்டுமாகக் கிடந்த வீட்டை எட்டிப் பார்த்தார். எதிர்வீட்டுப் பெண்கள் வேடிக்கை பார்த்தபடி நின்றார்கள்.

"எத்தினி பேரும்மா?"

தஸ்லீமா தெரு முழுக்கப் பார்க்கும்படி கையை உயர்த்தி, இரண்டு விரல்களைக் காட்டினாள்.