கிராமமே சோகத்தில் மூழ்கியது

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஆல்பர்ட்டுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. அதோடு ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். செய்தி எழுதிப் பிழைக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் நாற்காலி போடுவார்கள், கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். அது போதுமாயிருந்தது.

தாலுகா நிருபர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. முறைவைத்து ஒருவர் செய்தியை அடித்துப் போடுவார். மற்றவர்கள் இரண்டு வார்த்தையை முன்பின்னாக்கித் தங்கள் பேப்பருக்கு அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வால் வேண்டும். திருட்டு என்றால் அச்சம், கொலை என்றால் பரபரப்பு, சாவு என்றால் சோகம். சோகத்திலும் படிகள் இருந்தன. வயதானவர் செத்தால் வெறும் சோகம். வேலைக்குப் போகிறவர் என்றால் பெரும் சோகம். பள்ளிப் பிள்ளைகள் செத்தால்தான் ‘கிராமமே சோகத்தில் மூழ்கியது.’ தலைப்பு வைக்கிறவர்கள் இன்னும் தாராளம்: திருவிழாவில் சோகம், குளிக்கப் போன இடத்தில் சோகம். ஆல்பர்ட்டின் போனில் ‘கி’ என்று தட்டினாலே மிச்சத்தை அதுவே கொண்டுவந்து நிறுத்தும்.

பழமலை செத்த அன்று ஆல்பர்ட்டின் முறை. பழமலை செராமிக் தொழிற்பேட்டையில் கரண்ட் பெட்டிக்குப் பீங்கான் பீஸ்கட்டை செய்யும் ஒரு கம்பெனியில் சூளை ஆள். வேலை முடிந்து சைக்கிளில் ஊருக்குத் திரும்பும்போது லாரி அடித்துவிட்டது. விவரமெல்லாம் போனிலேயே வந்தது. போட்டோ கிடைக்கவில்லை, செய்தி குட்டையாக நின்றது. ஆல்பர்ட் ‘கி’ தட்டினார். மறுநாள் எல்லாப் பேப்பரிலும் கிராமம் மூழ்கியிருந்தது.

சில வாரம் கழித்துப் பழமலையின் மனைவி கண்ணம்மாள் கடைக்கு வந்தாள். அவள் மகள் இனியா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டதால் ஊர் அந்தக் குடும்பத்தை ஒதுக்கி வைத்திருந்தது. நல்லது கெட்டதுக்கு யாரும் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. பழமலைக்கு மேளம் இல்லை, பாடை கட்ட ஆள் இல்லை. கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்கள் வந்துதான் தூக்கினார்கள். அதில் பாதிப்பேர் பீகார்க்காரர்கள். ஒதுக்கி வைத்ததைப் பற்றி அவள் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்திருந்தாள். விசாரணையில் ஊர்ப் பெரியவர்கள் எல்லாப் பேப்பரையும் மேசைமேல் பரப்பி, ஊரே துக்கப்பட்டதற்கு அச்சில் சாட்சி இருக்கிறது, இவள் ஊரின் பேரைக் கெடுக்கிறாள் என்றார்களாம்.

இதையெல்லாம் அவள் கோபமில்லாமல்தான் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“நான் மயக்கத்துல கெடந்தேன் சார். நீங்க வந்து பாத்துட்டுத்தானே எழுதுனீங்க. யாரு அழுதாங்க?”

ஆல்பர்ட் எதற்கோ மெஷினின் மூடியைத் திறந்து பார்த்தார். அடுத்த விசாரணைக்கு வந்து சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார்.

அன்று மாலையே பேப்பர் ஆபீஸுக்குப் போன் செய்து மறுப்புப் போடச் சொன்னார். அங்கே இருந்தவர் சிரித்தார்.

“சோகத்துக்கெல்லாம் மறுப்பு போட முடியாது ஆல்பர்ட். போட்டா, அந்த ஊரு சந்தோஷமா இருந்துச்சுன்னு ஆயிடும்.”

குழுவில் விஷயத்தைப் போட்டார். ஒருவர் மட்டும் கும்பிடும் கையை அனுப்பினார்.

விசாரணைக்குப் போன அன்று கழுத்தில் தொங்கிய நிருபர் அட்டையைப் படியேறும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். உள்ளே கண்ணம்மாள் ஓரத்து பெஞ்சில் இருந்தாள். எதிரே ஊர்ப் பெரியவர்கள் அவரைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவர் உட்காரவில்லை.

பழமலை செத்த அன்றைக்கு அந்த ஊருக்கே தான் போகவில்லை என்றார்.

“அப்ப அத்தினி பேப்பரும் பொய்யா, பேப்பர்காரரே?” என்றார் பெரியவர்களில் ஒருவர்.

“எல்லாம் நான் ஒருத்தன் அடிச்சதுதாங்க.”

யார் சொல்லி அந்த வரியை எழுதினீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

“யாரும் சொல்லலைங்க சார். சாவுன்னா போடுறதுதான்.”

அதிகாரி எழுதிக்கொண்டார். பெரியவர்கள் பேப்பர்களை மடிக்கத் தொடங்கினார்கள். மனு இனி நிற்கும் என்று ஆல்பர்ட்டுக்குத் தெரிந்தது. கொஞ்சம் தெம்போடு கண்ணம்மாளின் பக்கம் திரும்பினார். அவள் முகத்தில் அவர் எதிர்பார்த்தது இல்லை.

“எல்லாருக்கும் போடுறதுதானா சார்?” என்றாள். “இனியா படிச்சுக் காட்டுனா. ஊருல யாரோ ஒருத்தராவது வூட்டுக்குள்ளயே இருந்து அழுதிருக்காங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

அதிகாரி கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டினார். வாங்கிக்கொண்டு மேசைமேல் குனிந்த ஆல்பர்ட், கையெழுத்தைப் போட்டு முடித்த பிறகும் நிமிரவில்லை.