மானிட்டர் இல்லாத மேசை

அந்த அக்காவை அவன் முதன்முதலில் பார்த்தபோது, ஓடாத கணினியின் முன்னால் உட்கார்ந்து, ஓடுகிற மாதிரியே விசைப்பலகையின் மேல் விரல்களை வைத்திருந்தார். அலுவலகம் முழுக்க ஆள் இருந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவன் அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனத்தில் டெக்னீஷியன். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் அச்சடிக்கச் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தான். அவன் பரம்பரையில் பெயருக்குப் பின்னால் எதையும் போட்டுக்கொண்டவர்கள் கிடையாது. அந்த அட்டையைச் சட்டைக்குள் விடாமல் வெளியே எடுத்துவிட்டுக்கொண்டுதான் எந்த அலுவலகப் படியும் ஏறுவான்.

குடிநீர்ப் புகார் அலுவலகத்திலிருந்து வந்த புகார் இப்படி இருந்தது: ‘அப்டேட் பாதியில் நிற்கிறது. கணினி பேசவில்லை.’ கணினி எங்கே பேசும் என்று சிரித்துக்கொண்டேதான் வந்தான். மேசையைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. பெட்டி இருந்தது, விசைப்பலகை இருந்தது, காதில் மாட்டும் ஹெட்போன் இருந்தது. திரையைக் காணோம்.

“அக்கா, மானிட்டர் எங்க?”

“பக்கத்துல இருக்கும் பாருங்க தம்பி. இங்க இருந்ததுதான். விருந்தாளியாப் போயிருக்கு.”

பக்கத்து மேசையில் புதிதாகச் சேர்ந்த பெண் இரண்டு திரைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றில் அலுவலகக் கணக்கு. இன்னொன்றில் செருப்புப் படங்கள்.

“சூப்பிரண்ட் சார்தான் எடுக்கச் சொன்னாரு,” என்றார் அக்கா, கண்காணிப்பாளரின் அறைப் பக்கம் கைகாட்டி. “‘உங்களுக்கு எதுக்கும்மா திரை? உங்க முன்னால அது இருந்தா என்ன, சுவர் இருந்தா என்ன?’ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுது. நானே வயரைக் கழட்டிக் குடுத்தேன்.”

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, அக்காவுக்குப் பார்வை இல்லை என்பது. பிறவியிலிருந்தே இல்லையாம். அவருடைய கணினியில் ஒரு குரல் மென்பொருள் உண்டு. திரையில் வருவதை எல்லாம் அது காதில் படித்துச் சொல்லும். அந்தக் குரலுக்கு அக்கா வைத்த பெயர் வாயாடி. மற்றவர்கள் கேட்டால் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி படபடவென்று ஏதோ கேட்கும், அவ்வளவுதான். அந்த வேகத்தில் கேட்டுப் புரிந்துகொள்ள அக்காவுக்கு வருஷக்கணக்கில் ஆயிற்று. ஒரு காதில் புகார் சொல்லுகிறவர், மறு காதில் வாயாடி, விரலில் தட்டச்சு. ‘எங்க தெருவுல தண்ணி வரல’ என்று ஆரம்பிக்கிறவர் மூச்சு வாங்குவதற்குள் தெருவின் பெயரும் வால்வு எண்ணும் பதிவாகியிருக்கும்.

“நாலு நாளாவே வாயாடி வாயத் தெறக்கல தம்பி. நான் என்ன தட்டுறேன், அது என்ன செய்யுது, ஒண்ணும் தெரியல. நானே கெடுத்துட்டேன்னு சொல்றாங்க.” பிறகு குரலைத் தணித்தார். “எப்படியாவது இன்னைக்கு சரி பண்ணிடுங்க. இல்லன்னா என்னை பெஞ்சுக்கு அனுப்பிடுவாங்க.”

பெஞ்சு என்றால் கோப்பறை வாசலில் கிடக்கிற மர பெஞ்சு. அவன் கேட்காமலே அந்தக் கதையும் வந்தது. அக்காவைப் படிக்கவைத்தது அவருடைய அம்மா. அப்பா கடைசி வரைக்கும் ‘இவளுக்கு எதுக்கு எழுத்து?’ என்றவர். கல்லூரித் தோழிகள் பாடங்களை வாய்விட்டு வாசிப்பார்கள். அதைக் காதால் பிடித்துவைத்து வரலாற்றில் பட்டம் வாங்கினார். போட்டித் தேர்வு எழுதி, இந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி இணைப்பாளராக வந்தார். பிறகு ஆளுக்கொரு கைபேசி வந்தது, இணைப்புப் பலகையைக் கழற்றி எடைக்குப் போட்டார்கள். அக்காவை எடைக்குப் போட முடியாது. பெஞ்சில் உட்காரவைத்தார்கள். காலையில் கைரேகை வைக்க வேண்டும், மாலையில் கைரேகை வைத்துவிட்டுப் போக வேண்டும். நடுவில் யாராவது ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டால் அதுதான் அன்றைய பேச்சு. அந்தக் காலத்தில் அக்காவின் மகள் பள்ளியில் ‘எங்கம்மாவும் ஆபீஸ்ல வேலை பார்க்குறாங்க’ என்று சொல்லப்போக, ‘என்ன வேலை?’ என்று ஒரு பிள்ளை கேட்டதாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். 

அலுவலகம் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு மாறியபோது அதில் பேசும் குரலும் இலவசமாகவே இருக்கிறது என்று எங்கோ கேள்விப்பட்டு, விடுமுறை நாட்களில் போய்க் கற்று, மேலிடத்தில் கெஞ்சி வாங்கிய மேசை இது.

“எங்க வீட்ல முதல் டிகிரி நான்தான் தம்பி.”

“எங்க வீட்லயும் நான்தான்க்கா.”

“அப்ப ரெண்டு பேரும் கொஞ்சம் அலட்டிக்கலாம். தப்பே இல்ல.”

அவன் மடிக்கணினியை இணைத்து உள்ளே எட்டிப் பார்த்தான். ஒரு மென்பொருள் நிறுவப்படும்போது இன்னொன்று குறுக்கே நுழையாமல் இருக்க லினக்ஸ் தனக்குள் ஒரு பூட்டுப் போட்டுக்கொள்ளும். இங்கே பூட்டு விழுந்திருந்தது, வேலை நடக்கவில்லை. நிறுவனத்து சீனியருக்குப் போன் போட்டான்.

“லாக் ஃபைலை அழிச்சிட்டு திரும்ப ஓட்டுடா. இதுக்குப் போயி போன் பண்றான் பாரு.”

பூட்டை அழிப்பதைத்தான் எல்லாரும் செய்வார்கள். உள்ளே ஆள் இருக்கும்போதே கதவைப் பெயர்த்து எடுக்கிற வேலை அது. அப்படிச் செய்து படுத்த கணினிகளை அவனே தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். ‘முதலில் திரையைப் பார்க்க வேண்டும்’ என்று முடிவு செய்து பக்கத்து மேசையில் கேட்டான்.

“மாமாவ... சாரைக் கேக்கணும்,” என்றாள் அந்தப் பெண், நாக்கைக் கடித்துக்கொண்டு. கண்காணிப்பாளரின் தங்கை மகள் அவள். அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

கண்காணிப்பாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “கண்ணு தெரியாதவங்க மெஷினுக்கு மானிட்டரா? நல்லா இருக்குய்யா உங்க படிப்பு.”

“எனக்குத்தான் சார் வேணும். எனக்குக் கண்ணு தெரியும்.”

“வாய் நீளமாத்தான் இருக்கு. பார்த்துட்டு எடுத்த இடத்துல வெச்சிடு.”

திரையை மாட்டினான். அப்டேட் சாளரத்தில் பட்டை முக்கால்வாசியில் நின்றிருந்தது. அதன் கீழே மூடியிருந்த பகுதியைத் திறந்தான். வரிவரியாக எழுத்து, கடைசியில் ஒரு கேள்வி, கேள்விக்குப் பக்கத்தில் கண்சிமிட்டுகிற ஒரு சிறு கட்டம். அவன் அதை இரண்டு முறை படித்தான்.

“என்ன தம்பி, செத்துப்போச்சா?”

“சாகலக்கா. கேள்வி கேட்டுட்டு பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கு.”

அப்டேட் ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்து வாயாடியிடம் வந்திருக்கிறது. புதுப்பிக்க வேண்டுமானால் குரலை நிறுத்த வேண்டும், நிறுத்தியிருக்கிறது. அக்கா தன் வேகத்துக்கும் காதுக்கும் ஏற்ற மாதிரி குரலின் அமைப்பை மாற்றிவைத்திருந்ததைக் கண்டு, ‘இந்தக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள். உங்களுடையதே இருக்கட்டுமா, புதியதைப் போடட்டுமா?’ என்று கேட்டிருக்கிறது. படித்துச் சொல்லக் குரல் இல்லை, பார்க்கத் திரை இல்லை. மாலையில் அலுவலகம் பூட்டும்போது அட்டெண்டர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார். காலையில் போட்டதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்து அதே கேள்வியில் வந்து நிற்கும்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். “அடிப்பாவி! என் காதப் பொத்திட்டு எங்கிட்டயே கேள்வி கேட்டிருக்கா.”

“என்ன சொல்லட்டும்க்கா? பழசா, புதுசா?”

“பழசே இருக்கட்டும்.”

ஒரு எழுத்தைத் தட்டினான். தேங்கி நின்றதெல்லாம் மடமடவென்று ஓடியது. கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டதும் ஹெட்போனுக்குள் கடுகு பொரிந்தது. அக்கா இரண்டு கைகளாலும் அதைக் காதோடு அழுத்திக்கொண்டார். “வந்துட்டியாடி?” என்றார். அந்தப் பேச்சு தன்னோடு இல்லை என்று அவன் தள்ளிப்போய் நின்றான்.

அன்று பிற்பகல் பெரிய அதிகாரி வந்தார். அந்த நாலு நாட்களில் பதிவாகாமல் போன புகார்களால் ஒரு தெரு முழுக்கத் தண்ணீரில்லாமல் கிடந்திருக்கிறது. ஜனங்கள் நேராக அவர் வீட்டு வாசலுக்கே போய்விட்டார்கள். கண்காணிப்பாளர் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவன் முந்திக்கொண்டான். கல்லூரியில் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவன்.

“இவங்க மேல எந்தத் தப்பும் இல்ல சார். மெஷின் கேள்வி கேட்டிருக்கு. அதைப் பார்க்க மானிட்டர் இல்ல. எடுத்தது யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.” பூட்டு, குரல், கேள்வி எல்லாவற்றையும் பள்ளிப்பிள்ளைக்கும் விளங்குகிற மாதிரி எடுத்துவைத்தான். கண்காணிப்பாளரின் முகம் சுருங்கியதைப் பார்க்க அவனுக்கு இனித்தது.

பெரிய அதிகாரி கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். அதுதான் வினையாகிப்போனது.

“நல்லா சொன்னீங்க தம்பி. இந்த மாதிரி கேள்வி இனிமேலும் வருமா?”

“வரலாம் சார்.”

“வந்தா இவங்களால பார்க்க முடியாது.”

“மானிட்டர் இருந்தா பக்கத்துல இருக்கறவங்க...”

“அதைத்தான் நானும் சொல்றேன். பக்கத்துல கண்ணு தெரிஞ்ச ஒருத்தர் எப்பவும் இருந்தாகணும்.”

“சார், போன மாசம் உங்க மெஷின் நின்னப்பவும் நான்தான் வந்தேன். உங்களுக்குக் கண்ணு தெரியும்.”

 அதிகாரி சிரித்தார், கோபமே இல்லாமல். “அது வேற.”

அக்கா எழுந்து நின்றார், குரல் வந்த திசைக்குக் கொஞ்சம் தள்ளி முகத்தை வைத்துக்கொண்டு. “சார், என்னை பெஞ்சுல மட்டும் உட்கார வெக்காதீங்க.”

“யாரும்மா பெஞ்சுன்னு சொன்னா? குடிதண்ணி விஷயம், புரிஞ்சுக்கங்க. உங்க சம்பளத்துல யாரும் கை வைக்க மாட்டாங்க. நிம்மதியா இருங்க.”

அவ்வளவுதான். கண்காணிப்பாளர் நினைத்திருந்தால்கூட அக்காவை அந்த மேசையிலிருந்து எழுப்ப இவ்வளவு பக்குவமாகக் காரணம் கண்டுபிடித்திருக்க மாட்டார். அதைக் கண்டுபிடித்து, துடைத்து, தட்டில் வைத்து நீட்டியவன் அவன். படியில் இறங்கும்போது அடையாள அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

சில வாரங்கள் கழித்து அதே அலுவலகத்திலிருந்து இன்னொரு புகார் வந்தது. ‘கணினி தானாகப் பேசுகிறது. நிறுத்தவும்.’ போனான். அக்காவின் மேசையில் திரை திரும்ப வந்திருந்தது. அதற்கு முன்னால் கண்காணிப்பாளரின் தங்கை மகள்.

“காலையில ஆன் பண்ணினதுமே தொணதொணன்னு ஆரம்பிச்சிடுது அண்ணா. எரிச்சலா இருக்கு. அழிச்சிடுங்க.”

அவன் குரலை அணைத்தான். அழிக்கவில்லை. அக்காவின் அமைப்புக் கோப்பு அப்படியே இருக்கிறது.  திரும்பும்போது கோப்பறை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். செருப்புச் சத்தத்தை வைத்தே அக்கா கண்டுபிடித்துவிட்டார்.

“என்ன தம்பி, மறுபடி நின்னுபோச்சா?”

“இல்லக்கா. நல்லா ஓடுது.”

“ஓடட்டும்,” என்றார் அக்கா.

அக்கா இப்போது அந்த பெஞ்சில்தான் இருக்கிறார். காலையில் கைரேகை வைக்கிறார், மாலையில் கைரேகை வைத்துவிட்டுப் போகிறார். ஓய்வு பெற இன்னும் பல வருஷம் இருக்கிறது.