குதிரையை விட்டு இறங்காத கேப்டன்

கேப்டன் லெபரெக்ட் ஃபோன் டார்கோ காலையில் குதிரை ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவார். ஷ்டோல்ஃபின் காலாட்படை முகாமில் இது பிரசித்தம். மற்ற அதிகாரிகள் ஓய்வு நேரத்தில் புல்லில் படுத்து ரொட்டியும் கொத்துக்கறிப் பொட்டலமும் பிரிக்கும்போது, இவர் சேணத்தில் இருந்தபடியே சாப்பிடுவார்.

"நம்மாளு சேணத்தோடயே பொறந்தவருடா" என்று சிப்பாய்கள் அடுத்த கம்பெனிக்காரர்களிடம் பீற்றிக்கொள்வார்கள்.

உண்மை வேறு. இறங்கினால் அவரால் திரும்ப ஏற முடியாது. பொஹீமியப் போரில் ஓர் ஆஸ்திரியக் குண்டு இடுப்பெலும்பைச் சிதைத்தது. பிரான்சில் பனிக்குழியில் படுத்துக் கிடந்த குளிர்காலம் மிச்சத்தையும் கெடுத்தது. தினமும் விடியலில், லாயத்துக்குப் பின்னால், அவருடைய பணியாள் சிப்பாய் கிரிஷன் பாகெல் குனிந்து நிற்பான். அவன் முதுகில் கால்வைத்து ஏறுவார். இது கிரிஷனையும் மனைவி ஒட்டிலியையும் தவிர யாருக்கும் தெரியாது.

பொமரேனியாவின் மணல் காட்டில் ரை தானியம் விளைவித்துக் கடனில் முழுகிய குடும்பம் அவருடையது. பதினோரு வயதில் கேடட் பள்ளியில் விட்டார்கள். அன்று போட்ட சீருடைதான். வேறு தொழில் தெரியாது.

எந்தக் கேப்டனுக்கும் ஓர் இடத்தில் பாதை குறுகும். அது மேஜர் பதவி. இளையவன் ஒருவன் தன்னை முந்தி மேஜராகிவிட்டால், உடல்நலம் சரியில்லை என்று எழுதிக்கொடுத்து விலகிவிட வேண்டும். போ என்று யாரும் சொல்லமாட்டார்கள். போகாமல் இருந்தவரும் கிடையாது. டார்கோ அந்த இடத்தில் நின்றார். அந்த இலையுதிர்காலப் போர்ப்பயிற்சியில், நோயில் படுத்த மேஜருக்குப் பதிலாகப் பட்டாலியனை அவரே நடத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. படைப்பிரிவுத் தளபதி நேரில் பார்ப்பார். அது பரீட்சை என்பது ஊருக்கே தெரியும்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும். என்ன ஆனாலும் கீழ இறங்கிடாதீங்க" என்றாள் ஒட்டிலி, அவர் கழுத்துப் பட்டையைப் பூட்டிவிட்டபடி.

"இறங்கினா கிரிஷன் முதுகு வேணுமே. அவன் சாமான் வண்டியோட எங்கயோ பின்னால வருவான்."

"சிரிக்காதீங்க."

செப்டம்பர் என்று சொல்லமுடியாத வெயில். நடையின்போது தண்ணீர் குடிப்பது உடம்புக்குக் கேடு என்பது படையின் நம்பிக்கை. வாளியோடு ஓடிவந்த கிராமத்துப் பெண்களைச் சார்ஜெண்ட்கள் விரட்டினார்கள். கம்பளிச் சீருடைக்குள் ஆட்கள் வெந்தார்கள்.

நடுப்பகலில் தாக்குதல். காற்றாலை மேட்டில் தளபதியும் அவருடைய ஆட்களும் குதிரைமேல் நின்றார்கள். டார்கோ வாளை உயர்த்தினார். முரசு அதிர, பட்டாலியன் சதுப்பு ஓடையைத் தாண்டி ஓடியது. வரிசை குலையவில்லை. துணை அதிகாரியை இடது பக்கம் செய்தியோடு அனுப்பிவிட்டு, டார்கோ கடைசியாக ஓடையை நெருங்கினார்.

கடைசி வரிசையில் ஓடிய ஒருவன் தள்ளாடினான். ஹின்ரிக் மாஸ், செங்கல் சூளைக்காரன் மகன். முட்டி மடங்கி ஓடையில் குப்புற விழுந்தான். முகம் சேற்று நீருக்குள் போனது. அசைவில்லை.

"மாஸ்! டேய் மாஸ்! எவனாவது திரும்புங்கடா!"

முரசில் யாருக்கும் கேட்கவில்லை. அவர் மேட்டைப் பார்த்தார். தளபதியின் தொலைநோக்கி இந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தது.

அவர் இறங்கவில்லை, விழுந்தார். வலியில் கண் இருட்டியது. முழங்கையால் ஊர்ந்து போய், மாஸின் பட்டையைப் பிடித்துப் புரட்டினார். வாயில் அடைத்த சேற்றை விரல்விட்டுத் தோண்டினார். கழுத்துப் பட்டனைப் பிய்த்தார். இரண்டு அறை விட்டார். மூன்றாவதற்கு மாஸ் இருமினான்.

குளம்படி நெருங்கியது. தளபதி ஓடைக்கரையில் குதிரையை நிறுத்தினார்.

"டார்கோ! உங்க பட்டாலியன் அங்க போகுது. நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"இவன் மூழ்கிட்டிருந்தான், எக்ஸலன்ஸி."

"சரி, இப்ப மூழ்கல. ஏறுங்க."

டார்கோ கடிவாளத்தைப் பிடித்து எழுந்தார். இடது காலை அங்கவடியில் வைத்தார். உடம்பு மேலே வரவில்லை. மறுபடி முயன்றார். குதிரை நகர்ந்தது, அவர் சேணத்தில் தொங்கினார்.

"ஏறுங்கன்னு சொன்னேன்."

"முடியாது, எக்ஸலன்ஸி."

"எத்தனை நாளா முடியல?"

"ரொம்ப வருஷமா."

தளபதி அந்த இடுப்பைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த அதிகாரியைப் பட்டாலியனை ஏற்க அனுப்பினார். "அக்டோபர்ல உங்க விலகல் விண்ணப்பத்தை எதிர்பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினார்.

மாஸ் கண் திறந்தான். முதல் வார்த்தையே அழுகைதான்: "ஐயா, என் துப்பாக்கி? சார்ஜெண்ட் கொன்னுடுவாரு..."

"எங்கயும் ஓடிப் போகாதுடா. படு."

சேற்றில் துழாவி அவரே அதை எடுத்தார். சாமான் வண்டிகள் வந்ததும் கிரிஷன் ஓடிவந்து, வழக்கம்போல் முதுகை வளைத்து நின்றான்.

"வேண்டாம். இவனைத் தூக்கி வை."

"ஐயா, நீங்க?"

"நடக்கிறேன்."

முகாமுக்குள் முதலில் தெரிந்தது குதிரைமேல் இருந்த மாஸ்தான். "டேய், மாஸ் மேஜராயிட்டான்டோய்!" என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் டார்கோ கிரிஷனின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வந்தார். அவர் நடந்து அவர்கள் பார்த்ததில்லை. சிரிப்பு அப்படியே நின்றது.

டார்கோ நின்று மூச்சு வாங்கினார்.

"மேஜர்தான். எழுந்து சல்யூட் வைங்கடா" என்றார்.

வைத்தார்கள். யாரும் மாஸைப் பார்த்து வைக்கவில்லை.