சொல்தா மாமாவின் மொழிபெயர்ப்பு

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். சிதம்பரத்தில் நாங்கள் சிலர் உலக சினிமா சங்கம் ஒன்று நடத்திவந்தோம். புரியாவிட்டால் உயர்ந்த படம், யாராவது சிரித்துவிட்டால் மட்டமான படம் என்பது எங்கள் கொள்கை. அப்படிப்பட்டவர்களிடம் ஒரு பிரெஞ்சு நகைச்சுவைப் படம் வந்து மாட்டியது. பட்டாளத்தைக் கிண்டல் செய்கிற படமாம். புதுச்சேரியில் வாங்கிய டிவிடியில் சப்டைட்டில் வரவில்லை.

"பிரெஞ்ச் தெரிஞ்ச ஆளு எங்கிட்ட இருக்காரு" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

கடலூரில் எனக்குப் பெண் கொடுப்பதாகச் சொல்லியிருந்த மாமாதான் அந்த ஆள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கும் சொல்தா. அல்ஜீரியாவில் அவர் சண்டை போட்ட கதையைக் கேட்காமல் அந்த வீட்டில் யாரும் ஒரு வாய் காபி குடித்துவிட முடியாது. கல்யாணத்துக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. நான் உருப்படியான ஆள்தானா என்று அவருக்குச் சந்தேகம். மேடையேற்றி ஒரு மாலை போட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கோட்டு மாட்டிக்கொண்டு, அத்தையையும் அழைத்துக்கொண்டு வந்தார். அத்தைக்கு முன்வரிசையில் இடம்.

மாமா மைக்கைப் பிடித்தார். திரையில் ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவன் ஊராரிடம் தன் வீரத்தை அளந்துகொண்டிருந்தான். அடுத்த காட்சியில் உண்மையில் நடந்ததைக் காட்டினார்கள். சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவன் குண்டுச் சத்தம் கேட்டதும் மூட்டைக்குப் பின்னால் பதுங்குகிறான். அதிகாரி வந்து காதைப் பிடித்து இழுத்துத் திட்டுகிறார்.

மாமா தொண்டையைச் செருமினார். "அதிகாரி பாராட்டுறாரு. உன்ன மாதிரி வீரன் பிரான்ஸ்லயே இல்லன்றாரு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், அந்த மூட்டையை எப்படி மறைப்பது? கூட்டம் வெடித்துச் சிரித்தது. சிப்பாய் தேம்பி அழுதான். "ஆனந்தக் கண்ணீரு" என்றார் மாமா. ஈரானியப் படங்களை மட்டுமே மதிக்கும் எங்கள் தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்தார். படத்தை எடுத்தவனுக்கே சொந்த ஊரில் இவ்வளவு சிரிப்பு கிடைத்திருக்காது. மாமா வியர்த்து வழிந்தபடி கடைசிவரை பிரான்சின் மானத்தைக் காப்பாற்றினார்.

இனி எங்கே பெண் கொடுக்கப்போகிறார்!

சாயங்காலம் இருவரையும் வீட்டில் விட நானும் பஸ்ஸில் ஏறினேன். அத்தை முன்னால் பெண்கள் சீட்டில் இருந்தார். நானும் மாமாவும் பின்னால். புதுச்சத்திரம் தாண்டியதும், "மன்னிச்சிக்குங்க மாமா, இப்படி சிரிப்பாங்கன்னு நெனைக்கல" என்று இழுத்தேன்.

அவர் அத்தை இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பிரெஞ்ச் எனக்கு நல்லாதான் புரிஞ்சிது மாப்ள. உள்ளபடி சொன்னா, உங்க அத்தைகிட்ட இத்தினி வருஷமா சொல்லிக்கினு இருக்குற கதை என்னாவறது? நானும் அங்க கெழங்கு உரிச்சவன்தான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர்மேல் பாசமும் பொங்கியது. இரண்டையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"விஷயம் தெரிஞ்ச ஆளு இப்ப நீங்க ஒருத்தர்தான்" என்றார் மாமா. "உங்கள இனிமே வெளியாளா விட முடியாது. தையிலயே கல்யாணத்த வெச்சிக்கலாம்."