முக்கிசாவின் ஒரு வரி

"அம்மணி, ரொம்ப நேரமா அந்தத் திரையை முறைக்கிறீங்க. அது பயந்துடப் போகுது."

நபோசா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. கம்பாலா சந்தை வியாபாரிகளுக்கான இணையப் பக்கத்தில் அவள் எழுதிய 'அனுப்பியாச்சு' பட்டனை அழுத்தினால் பக்கமே வெறுமையாகிவிடும். அடுத்த மேசை முக்கிசா, முட்டை வைத்துச் சுருட்டிய சப்பாத்தியைக் கடித்தபடி எட்டிப் பார்த்தான். பட்டன் இயக்க வேண்டிய மெத்தடை, அந்தச் சின்ன நிரல் துண்டை, நேற்றுத் தானே நேரடியாகக் கூப்பிட்டபோது ஒழுங்காக ஓடியதே என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"நீங்க ஆப்ஜெக்ட் பேரோட சேர்த்துக் கூப்பிட்டீங்க. பட்டன்கிட்ட மெத்தடை மட்டும் தூக்கிக் குடுத்துட்டீங்க. உள்ள போய் 'திஸ்'னா யாரு, தான் எந்த ஆப்ஜெக்டைச் சேர்ந்ததுன்னு தேடுது, ஆளே இல்ல. யார் வீட்டுப் புள்ளன்னு சொல்லாம அனுப்பினா அது என்ன செய்யும், பாவம்."

கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. கன்ஸ்ட்ரக்டரில் 'பைண்ட்' என்று, மெத்தடை அதன் ஆப்ஜெக்டோடு சேர்த்துக் கட்டும் ஒரே வரி எழுதச் சொன்னான். எழுதினாள்; பட்டன் வேலை செய்தது. இப்போதெல்லாம் யார் இப்படிப் பழைய பாணியில் கிளாஸ் வைத்து நிரல் எழுதுகிறார்கள் என்று அவள் முணுமுணுத்தாள். இந்த நிரல் பழைய வீடு மாதிரி, இடித்துக் கட்ட யார் இருக்கிறார்கள் என்றான்.

அவனுக்கு அப்படிப் பழைய வீடுகூட இல்லை. மசாக்காவில் கன்னியர் மடத்து வாசலில் கிடந்த கைக்குழந்தை அவன். ஆசீர்வாதம் என்ற பொருளில் கன்னியர்தான் பெயர் வைத்தார்கள். அங்கே ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு விலங்கோ செடியோ சின்னம்; மற்றவர்கள் தங்கள் பெயரைச் சொன்னாலே குலம் தெரிந்துவிடும். அவன் பெயரில் ஒன்றும் தெரியாது. கேட்பவர்களிடம் 'சப்பாத்திக் குலம்' என்று சொல்லி முந்திக்கொண்டு சிரிப்பான்.

"குலச்சின்னத்தை யாரும் திங்க மாட்டாங்க. நீங்க தினம் ரெண்டு திங்கறீங்க" என்றாள் நபோசா ஒருநாள். அவள் அலுவலகத்தில் அடித்த முதல் கிண்டல் அது. ஒரு வாரம் அதையே எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான்.

தான் காதலித்த நல்வோகாவை அவன் மணக்க நினைத்தபோது அவள் அப்பா மறுக்கவில்லை. உன் மனிதர்களோடு வா என்று மட்டும் சொல்லி அனுப்பினார். பெண் வீட்டு முற்றத்தில் மாப்பிள்ளை வாய் திறக்கக் கூடாது. அவன் மனிதர்கள்தான் பேச வேண்டும். ஆளில்லாமல் போனால் பெண்ணும் இல்லை. அலுவலகத்து ஆண்கள் வெள்ளை அங்கி வாடகைக்கு எடுத்து அண்ணன் தம்பிகளானார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வரிசையில்தான் யாருமில்லை.

நாலு பேர் கூடினால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவள் நபோசா. அது அவனுக்கும் தெரியும். அதனால் அவள் மேசையருகே வந்து வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் கேட்டான்.

"தங்கச்சியா வந்து உட்காருங்க. யார் வீட்டுப் பையன்னு கேப்பாங்க. எங்க வீட்டுப் பையன்னு சொல்லுங்க. ஒரு வரிதான், அம்மணி."